ஒரே மொழிக்குள் நாலு பாரடைம்: எது அடியில், எது மேலே?

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தின் 12ஆம் வகுப்பு கணினி அறிவியல் புத்தகத்தை ஒரு தடவை முழுசா புரட்டிப் பாருங்க. 2019இல் வந்த புதுப் புத்தகம். அதுக்கு முன்னாடி 12ஆம் வகுப்புல ஸ்டார் ஆபிஸும் சி++உம் இருந்தது. இப்போ பைத்தான். மொத்தம் 16 பாடங்கள்.

முதல் பாடம் செயற்கூறு. அதில் தூய செயற்கூறு, தூய்மையற்ற செயற்கூறு என்ற பாகுபாடு வருது. அங்கே எழுதியிருக்கிற நிரல்கள் பைத்தான் இல்லை, எம்.எல். குடும்பத்து மொழிகளின் சாயலில் இருக்கிற ஒரு போலிக் குறிமுறை. 2ஆம் பாடம் தரவு அருவமாக்கம். 5ஆம் பாடத்தில்தான் பைத்தான் மாறிகள் ஆரம்பிக்குது. 10ஆம் பாடம் இனக்குழுவும் பொருளும். 12ஆம் பாடம் எஸ்.க்யூ.எல். 14ஆம் பாடம் சி++ நிரலைப் பைத்தானுக்குள் கொண்டுவருவது.

அதாவது ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ ஒரு அரசுப் பள்ளி மாணவி, 17 வயசுல, ஒரே வருஷத்தில் நாலு வேறு வேறு சிந்தனைமுறைகளைச் சந்திக்கிறாள்: செயற்கூறு முறை, கட்டளை முறை, பொருள்நோக்கு முறை, "என்ன வேணும்னு மட்டும் சொல்" என்கிற அறிவிப்பு முறை. நல்ல விஷயம்தான். ஆனா இந்த நாலும் எப்படி ஒண்ணோட ஒண்ணு சேருது, எங்கே இடிக்குதுன்னு யார் சொல்றாங்க? அந்தக் கேள்விக்குப் பின்னால் சுமார் 60 வருஷ வரலாறு இருக்கு. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போறோம்.

முதலில் பாரடைம் என்றால் என்ன?

வார்த்தையைப் பிரபலமாக்கியவர் தாமஸ் கூன். 1962இல் வந்த அவருடைய அறிவியல் புரட்சிகள் பற்றிய புத்தகம் மூலமா அது எல்லாத் துறைக்கும் பரவியது. நிரலாக்கத்துக்கு அதைக் கொண்டுவந்ததில் முக்கியமானவர் ராபர்ட் ஃபிளாய்ட். 1978இல் டூரிங் விருது வாங்கும்போது அவர் ஆற்றிய உரையின் தலைப்பே நிரலாக்கத்தின் பாரடைம்கள் என்பதுதான்.

வரையறையை விட உதாரணம் சுலபம். 1 முதல் 10 வரை கூட்டணும். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற தமிழ் நிரல்மொழியில் (2007இல் வேலை தொடங்கி 2009இல் அறிவிக்கப்பட்டது) இப்படி எழுதலாம்:

எண் = 1
மொத்தம் = 0
@( எண் <= 10 ) வரை
    மொத்தம் = மொத்தம் + எண்
    எண் = எண் + 1
முடி
பதிப்பி மொத்தம்

இது கட்டளை முறை. இரண்டு பெட்டிகள் இருக்கு. ஒவ்வொரு சுற்றிலும் பெட்டிக்குள் இருக்கிறது மாறுது. கடைசியில் பெட்டியைத் திறந்து பார்க்கிறோம்.

அதையே செயற்கூறு முறையில் சொன்னா: "10 வரையான கூட்டுத்தொகை என்பது 10உம், 9 வரையான கூட்டுத்தொகையும் சேர்ந்தது, 0 வரையான கூட்டுத்தொகை 0." இங்கே எந்தப் பெட்டியும் மாறவில்லை. ஒரு சமன்பாடு மட்டும் இருக்கு. பொருள்நோக்கு முறையில் பெட்டி இருக்கும், ஆனா அது ஒரு பொருளுக்குள் பூட்டி இருக்கும். வெளியிலிருந்து "சேர்த்துக்கோ" என்று செய்தி மட்டும் அனுப்பலாம். அறிவிப்பு முறையில் "இந்த அட்டவணையில் இந்தப் பத்தியின் கூட்டுத்தொகை வேணும்" என்பதோடு முடிஞ்சது. எப்படிக் கூட்டுறது என்பது தரவுத்தளத்தின் பாடு.

நாலையும் பிரிக்கிற கேள்வி ஒண்ணுதான்: மாற்றம் எங்கே நடக்குது, அதை யார் பார்க்க முடியும்? இதை மனசில் வெச்சுக்குங்க. கீழே வருவது எல்லாம் இதைச் சுற்றித்தான்.

நம்ம ஊர் உதாரணம்: செமி குரோம்

இரண்டு முறைகளைச் சேர்ப்பது என்றால் என்னன்னு வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை டேனரிகளில் வேலை செய்தவங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பழைய முறை, மரப்பட்டை முறை. ஆவாரம் பட்டை, கடுக்காய் போட்டுப் பதப்படுத்துறது. ஈ.ஐ. தோல் என்று உலகச் சந்தையில் பெயர் வாங்கியது அதுதான். தோல் கனமா, நிறைவா இருக்கும். அழுத்தி உரு கொடுத்தா அப்படியே நிற்கும். ஆனா சூடு தாங்காது. குரோம் முறை பிறகு வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் அதைச் சோதித்துக் காட்டினார். சேம்பர்ஸ் நடத்திய குரோம் லெதர் கம்பெனியின் பெயரில்தான் குரோம்பேட்டை இன்னிக்கும் இருக்கு. குரோம் தோல் மென்மையா இருக்கும், கொதிநீரையே தாங்கும்.

இரண்டையும் சேர்க்க முடியுமா? முடியும். ஆனா வரிசை முக்கியம். முதலில் பட்டை, பிறகு குரோம் என்றால் கிடைப்பது செமி குரோம். அதுக்குக்கூட, ஏற்கெனவே ஏறியிருக்கிற பட்டைச் சத்தில் கொஞ்சத்தைக் கழுவி எடுத்தாத்தான் குரோம் உள்ளே போக இடம் கிடைக்கும். முதலில் குரோம், பிறகு பட்டை என்றால் அது குரோம் ரீடேன். பொருட்கள் அதே இரண்டுதான். கையில் எடுத்தா தோல் வேறு வேறு.

நிரல்மொழியிலும் இதேதான் நடந்தது. "இந்த மொழி பல பாரடைம்களை ஆதரிக்கிறது" என்று விளம்பரத்தில் ஒரே வரியில் போட்டுடுவாங்க. எது அடியில் இருந்தது, எது மேலே ஏறியது, ஏறுவதுக்கு எதைக் கழுவி எடுத்தாங்க என்பதைப் பார்த்தாத்தான் அந்த மொழியின் குணம் புரியும்.

1983: லாரி ஓட்டிக் கற்றுக்கொண்ட மொழி

1970களில் ஒவ்வொரு பாரடைமுக்கும் ஒரு தனி வீடு இருந்தது. பொருள்நோக்கு என்றால் நார்வேயின் சிமுலா 67, பிறகு ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் ஸ்மால்டாக். தருக்கம் என்றால் 1972இல் மார்செய் நகரில் பிறந்த புரோலாக். செயற்கூறு என்றால் 1958இல் ஜான் மெக்கார்த்தி தொடங்கிய லிஸ்ப்.

எல்லாவற்றையும் ஒரே வீட்டுக்குள் வெளிப்படையாகக் கொண்டுவந்த ஆரம்ப முயற்சிகளில் ஒண்ணு லூப்ஸ். ஜெராக்ஸ் பார்க்கில் டேனியல் பாப்ரோவும் மார்க் ஸ்டெஃபிக்கும் செய்தது, 1983இல் வந்தது. இன்டர்லிஸ்ப் என்ற லிஸ்ப் வகையை அடியில் வெச்சு, மேலே மூணு முறைகளைச் சேர்த்தாங்க: பொருள்நோக்கு, விதிமுறை, தரவு அணுகல் முறை.

இதைச் சொல்லிக்கொடுக்க மூணு நாள் வகுப்பு நடத்தினாங்க. சஞ்சய் மிட்டலும் லின் கான்வேயும் அந்த அனுபவத்தை எழுதியதில் பங்காளிகள். வகுப்புக்காக ட்ரக்கின் என்று ஒரு விளையாட்டு செய்தாங்க. நெடுஞ்சாலையில் லாரிகள் ஓடும். வழியில் சரக்கு வாங்கி விற்று லாபம் பார்க்கணும். பெங்களூரு–சென்னை சாலையில் தினமும் பார்க்கிற காட்சிதான்!

ஒவ்வொரு முறைக்கும் அதில் இயல்பான ஒரு இடம் கிடைச்சது. லாரியும் கடையும் பொருள்கள். "இப்ப எங்கே நிறுத்தலாம், என்ன வாங்கலாம்" என்ற முடிவு விதிகளின் தொகுப்பு. ஒரு மதிப்பு மாறும்போதெல்லாம் திரையில் தானாக நகரும் அளவுமானி, தரவு அணுகல் முறை. உள்ளே நடக்கும் கணக்குகள் சாதாரண லிஸ்ப் செயற்கூறுகள். ஒரே பிரச்சினையின் வெவ்வேறு பகுதிகள் வெவ்வேறு பாரடைமைக் கேட்கும் என்பதை அந்த மூணு நாளில் கையால் தொட்டுப் பார்த்துடலாம். நம்ம 16 பாடங்களில் இல்லாதது இந்த லாரிதான்.

லூப்ஸில் ஒரு குறை இருந்தது. பொருளுக்குச் செய்தி அனுப்ப ஒரு தனிக் குறியீடு, செயற்கூறை அழைக்க வேறு எழுத்துமுறை. அதாவது நிரலர் ஒவ்வொரு வரியிலும் "இப்ப நான் எந்தப் பாரடைமில் இருக்கேன்" என்று அறிவிக்கணும். பிறகு வந்த காமன்லூப்ஸும், அதிலிருந்து வளர்ந்த காமன் லிஸ்ப் பொருள் அமைப்பும் இதைச் சரிசெய்தன. 1994இல் அது அமெரிக்கத் தரநிலைக்குள் போனது. அதில் பொருளின் செயல்முறையை அழைப்பதும் சாதாரணச் செயற்கூறை அழைப்பதும் ஒரே மாதிரிதான். செயல்முறைகள் இனக்குழுவுக்குள் இருக்காது, செயற்கூறுக்குச் சொந்தம். இதை மேலே பூசியது என்று சொல்ல முடியாது. நல்லா ஊறி உள்ளே போன கலவை.

மேலே ஏற்றியவர்கள்

பெரும்பாலான பிரபல மொழிகள் இவ்வளவு பொறுமையா ஊறவில்லை. ஏற்கெனவே இருந்ததன்மேல் அடுக்கு அடுக்காக ஏறின.

பியார்னே ஸ்ட்ராஸ்ட்ரப், கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவராக இருந்தபோது சிமுலாவில் ஒரு நிரல் எழுதினார். யோசிக்க வசதி, ஓட்டினா ரொம்ப மெதுவு. கடைசியில் பி.சி.பி.எல். மொழியில் திருப்பி எழுத வேண்டி வந்தது. 1979இல் பெல் ஆய்வகத்துக்குப் போனதும், சியின் வேகத்தின்மேல் சிமுலாவின் இனக்குழுவை ஏற்றத் தொடங்கினார். 1983இல் அதுக்கு சி++ என்று பெயர் வந்தது. பெயரில்லாச் செயற்கூறு, அதாவது லாம்டா, அதற்குள் வர 2011 ஆனது. அடியில் கட்டளை, மேலே பொருள், அதற்கும் மேலே செயற்கூறு.

பைத்தான் 1991இல் முதல் வெளியீட்டிலேயே இனக்குழுவோடு வந்தது. லாம்டா, மேப், ஃபில்டர், ரெட்யூஸ் எல்லாம் 1994இல் வந்த 1.0 பதிப்பில் சேர்ந்தன. அதை உருவாக்கிய கைடோ வான் ரோசம் தானா சேர்த்ததில்லை. லிஸ்ப் பழக்கம் உள்ள யாரோ ஒருத்தர், இவை இல்லாம கை அரிச்சு, எழுதிக் கொடுத்ததாக அவரே பிறகு சொல்லியிருக்கார். 2005இல் நாலையும் தூக்கிடலாம் என்றுகூட யோசித்தார். எதிர்ப்பு வந்தது. கடைசியில் 2008இல் வந்த 3.0 பதிப்பில் ரெட்யூஸ் மட்டும் மொழியின் மையத்திலிருந்து ஒரு தொகுதிக்குள் தள்ளப்பட்டது; மற்ற மூணும் தங்கிவிட்டன. விருந்தாளியா வந்து வீட்டோட இருந்துட்ட கதை.

ஜாவா 1990களின் நடுவில் பொருள்நோக்கின் கோட்டையாக வந்தது. அதற்கு லாம்டா 2014இல், 8ஆம் பதிப்பில்.

தையல் எங்கே பிரியுது?

சரி, மேலே ஏற்றினா என்ன? வேலை செய்யுதே? வேலை செய்யும். ஷூ பெரும்பாலும் தோல் கிழிந்து கெடுவதில்லை; தையல் விட்டுத்தான் கெடும். மொழியும் அப்படித்தான். ஒவ்வொரு பாரடைமும் தன்னளவில் உறுதி. இரண்டு சேரும் கோட்டில்தான் வம்பு.

ஒரு கற்பனைக் கணக்கு. ஷூ மேல்பாகம் தைக்கிற இடத்தில் மூணு மாடல்களுக்கு பீஸ் ரேட் 10, 12, 15 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மடக்கு ஓட்டி, ஒவ்வொரு ரேட்டுக்கும் ஒரு சின்ன லாம்டா செய்து பட்டியலில் போடுறோம். ஒவ்வொரு லாம்டாவும் "எத்தனை பீஸ் என்று சொல், கூலி சொல்றேன்" என்கிற செயற்கூறு. மடக்கு முடிந்த பிறகு முதல் லாம்டாவிடம் 100 பீஸுக்குக் கேட்கிறோம். 1,000 வரணும். பைத்தானில் வருவது 1,500. இரண்டாவதும் 1,500. மூணாவதும் 1,500.

காரணம்? செயற்கூறு முறையில் பெயர் என்பது ஒரு மதிப்புக்கு வைத்த நிரந்தரப் பெயர். கட்டளை முறையில் பெயர் என்பது மாறிக்கிட்டே இருக்கிற பெட்டி. லாம்டா முதல் உலகத்திலிருந்து வந்தது, மடக்கு இரண்டாம் உலகத்திலிருந்து. லாம்டா பிடித்துவைத்தது 10 என்ற மதிப்பை இல்லை; ரேட் என்ற பெட்டியை. மடக்கு முடிந்தபோது பெட்டிக்குள் இருந்தது 15. பிழைச்செய்தி எதுவும் வராது. தப்பான தொகை மட்டும் அமைதியா வரும்.

இந்த ஒரே தையலை ஒவ்வொரு மொழியும் எப்படிக் கையாண்டது என்பதே ஒரு வரலாறு. ஜாவா வேலி போட்டது: மாறக்கூடிய உள்ளூர் மாறியை லாம்டா பிடிக்கவே முடியாது, தொகுப்பான் மறுத்துடும். சி++ பொறுப்பை நிரலரிடம் கொடுத்தது: நகல் எடுக்கிறாயா, பெட்டியையே பிடிக்கிறாயா என்று லாம்டாவின் தலையிலேயே எழுதணும். ஜாவாஸ்கிரிப்ட் 2015இல் புதுவகை மாறி அறிவிப்பைக் கொண்டுவந்து, சுற்றுக்கு ஒரு புதுப் பெட்டி என்று ஆக்கியது. சி-ஷார்ப் 2012இல் ஏற்கெனவே இருந்த ஒரு மடக்கின் பொருளையே மாற்றியது. கோ மொழி 2024இல், 1.22 பதிப்பில், அதையே செய்தது. பழைய நிரல்கள் வேறு மாதிரி நடக்கும் ஆபத்து இருந்தும் மாற்றினாங்க. அவ்வளவு பேர் இந்த இடத்தில் விழுந்திருக்காங்க. பைத்தான் மாற்றவில்லை. நம்ம மாணவி கற்பது பைத்தான்.

மாற்றத்தைக் கடைசியில் வைத்தவர்கள்

வேறு ஒரு வழியும் இருந்தது. 1991இல் ஜெர்மனியின் சார்லாந்தில் கெர்ட் ஸ்மோல்காவின் குழு ஓஸ் என்ற மொழியைத் தொடங்கியது. அதை வைத்து பீட்டர் வான் ராயும் சைஃப் ஹரிதியும் 2004இல் ஒரு பெரிய பாடநூல் எழுதினாங்க.

அதில் பாரடைம்கள் தனித்தனி மதங்கள் இல்லை. ஒரு சின்ன மையமொழி. அதோடு ஒரு நேரத்தில் ஒரு கருத்து. முதலில் எதுவும் மாறாத உலகம். பிறகு ஒரே நேரத்தில் பல வேலைகள். பிறகு செய்தி அனுப்புதல். மாறக்கூடிய பெட்டி 6ஆம் அத்தியாயத்தில்தான் வருது. பொருள்நோக்கு அதுக்கு அடுத்து. ஒரு புதுக் கருத்து எப்போ தேவை? அது இல்லாம எழுதினா, சம்பந்தமே இல்லாத இடங்களிலெல்லாம் நிரலை மாற்ற வேண்டி வந்தா, அப்போ தேவை. அதுவரை வேண்டாம்.

ஓஸ் தொழிலில் பரவவில்லை. ஆனா "முதலில் மாறாதது, தேவைப்பட்டா மாறுவது" என்ற வரிசை பரவியது. ரஸ்ட் மொழியில் மாறி என்று எழுதினாலே அது மாறாது. மாறணும்னா தனியா கேட்கணும்.

மறுபடியும் அந்தப் புத்தகம்

இப்போ 12ஆம் வகுப்புப் புத்தகத்தை இந்தக் கண்ணோடு பாருங்க. தூய செயற்கூறு முதல் பாடம், மாறி 5ஆம் பாடம். வரிசை வான் ராய் வரிசைதான்! முதல் பாடத்தில் குரோம்லேண்ட் என்ற நாட்டின் பச்சோந்திகள் பற்றி ஒரு புதிர்கூட உண்டு. குரோம் பூமிக்காரங்களுக்குச் சிரிப்பு வரும். அடித்தளம் நல்லாவே போட்டிருக்காங்க.

சேர்க்கை என்ற சொல்லுக்கு அதே புத்தகத்தில் மூணு வேறு அர்த்தமும் இருக்கு. 14ஆம் பாடத்தில் பைத்தான், இயங்குதளம் வழியா சி++ நிரலைத் தொகுத்து ஓட்டுது. அது இரண்டு மொழிகள் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருப்பது. பாரடைம் கலப்பு இல்லை. 15ஆம் பாடத்தில் எஸ்.க்யூ.எல். கட்டளை ஒரு சரமாக, மேற்கோள் குறிக்குள், பைத்தானுக்குள் வருது. வாடகைக்கு இருக்கிற மாதிரி. உள்ளே என்ன எழுதியிருக்குன்னு பைத்தானுக்குத் தெரியாது. சி-ஷார்ப் 2007இல் லிங்க் மூலம் அந்த வாடகைதாரரைக் குடும்பத்தோடு சேர்த்தது. வினவலில் எழுத்துப்பிழை இருந்தா தொகுப்பானே பிடிக்கும். மூணாவது, லாம்டாவும் மடக்கும் மாதிரி ஒரே வீட்டுக்குள் கலந்தே வாழ்வது. தையல் பிரச்சினை இங்கேதான் அதிகம்.

பாலம் மட்டும் ஆசிரியர் கட்ட வேண்டியிருக்கு. "தூய செயற்கூறு என்றால் என்ன" என்பது இரண்டு மதிப்பெண் வினாவாக மனப்பாடம் ஆகி, 7ஆம் பாடத்தில் பைத்தான் செயற்கூறு எழுதும்போது நினைவுக்கே வராம போனா, அந்தப் பாடம் வீண். கோச்சிங் சென்டரோ ஆங்கிலப் புத்தகமோ இல்லாத பிள்ளைக்கு இந்த ஒரு புத்தகம்தான் கணினி அறிவியல். அவள் பொறியியல் கல்லூரி போய், வேலைக்குப் போய், அந்த 1,500 ரூபாய்ப் பிழையை ஒரு நாள் நள்ளிரவில் சந்திக்கும்போது, "மாற்றம் எங்கே நடக்குது" என்று கேட்கத் தெரிஞ்சிருந்தா பத்து நிமிஷ வேலை.

ஆசிரியர் நண்பர்களுக்கு ஒரு யோசனை. ஒரே பீஸ் ரேட் கணக்கை எடுங்க. மடக்கும் மாறியும் வைத்து ஒரு தடவை. தூய செயற்கூறாக ஒரு தடவை. தொழிலாளி என்ற இனக்குழுவாக ஒரு தடவை. எஸ்.க்யூ.எல். அட்டவணையாக ஒரு தடவை. பிறகு ரேட் நடுவில் மாறினா எந்த நிரலில் எத்தனை வரி மாறுது, பழைய வாரக் கூலி தப்பாகுதான்னு பிள்ளைகளையே எண்ணச் சொல்லுங்க. பல வீட்டில் அம்மாவோ அக்காவோ அந்தக் கூலியைத்தான் வாங்குறாங்க. கணக்கு தப்பினா பிள்ளைகளே கண்டுபிடிச்சுச் சொல்லிடுவாங்க.